வாறன் எண்டு சொன்னவர்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபிக்கக் கூடாது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் ஸ்பனரும் சுத்தியலும்தான். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும். அழித்து எழுதிய இடங்களில் கிறீஸ் பட்டிருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் முன்னால் கதைக்க எனக்கு வராது. மனைவி கேட்டபோதும் பிள்ளைகள் கேட்டபோதும் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அவர்கள் கேட்டது இதுதான். வண்டி திருத்துகிற கராச்சில் என்னோடு வேலை செய்கிறவர்கள் புறப்படும்போது, அவர்களை நான் ஏன் “போறன்” என்று சொல்லச் சொல்கிறேன்? எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. போகிறவன் “வாறன்” என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். “போறன்” என்றால் ஒரேயடியாகப் போகிறதுபோல, அது கூடாத சொல். “உந்த மனிசன்ரை வாயிலை நல்ல வார்த்தை வராதோ?” என்று ஒரு டிரைவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். அந்த நேரமும் வண்டிக்குக் கீழே ஒருவன் படுத்திருந்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இணுவிலில் எங்கள் வீட்டு வளவில் ஒரு லொறி நின்றது. ஐயாவும் அவருடைய தமையனாரான என் பெரியப்பாவும் சேர்ந்து எடுத்த லொறி. பெரியப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. ஐயாவுக்கு எஞ்சின் வேலை தெரியும். புகையிலைச் சிப்பங்களைத் தெற்கே கொண்டுபோவதுதான் லொறியின் வேலை.

இப்போது வருகிற லொறிகளைப் பார்த்து அதை நினைக்கக் கூடாது. முன்னால் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். பெருவிரலை மடக்காமல் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். கதவு இருந்த இடத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. ஆனையிறவைத் தாண்டுவதற்குள் இரண்டு தரம் நின்று தண்ணீர் கேட்கும். பலகை, சீற்று, ஐயாவின் தலைமயிர் எல்லாவற்றிலும் புகையிலைக் காரம் ஏறியிருக்கும். மருதனார்மடத்துப் பக்கத்தில் அது வரும்போதே சத்தத்தை வைத்து நான் சொல்லிவிடுவேன், இன்றைக்குப் பாரம் இருக்கிறதா வெறும் வண்டியா என்று. இன்றைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

உலகச் சண்டைக்காலம் வந்தது. கப்பலில் சாமான் வருவது நின்றது. அந்த நேரம் பார்த்து லொறியின் பாரத்தைத் தாங்குகிற பின்பக்க வில்லில் இரண்டு தகடுகள் முறிந்தன. புது வில்லு எங்கும் கிடைக்கவில்லை. ஐயா கொல்லனிடம் கொடுத்துப் பழைய இரும்பில் தகடு அடிப்பித்துக்கொண்டு வந்தார். லொறியைத் தூக்குகிற ஜாக்கும் பல்லுத் தேய்ந்து கிடந்தது. அதனால் கிணற்றில் தண்ணீர் அள்ளப் பூட்டியிருந்து கழற்றிப் போட்ட பழைய துலா மரத்தைக் கல்லடுக்கின் மேல் வைத்து, ஒரு நுனியை லொறிக்குக் கீழே கொடுத்து, மற்ற நுனியில் ஆள் ஏறி இருந்தால் லொறி எழும்பும். எழும்பியதும் கீழே பனங்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்தார். அந்தக் கட்டையின் மேல்தான் பின்பக்கப் பாரம் முழுவதும் நின்றது.

கொல்லன் அடித்த தகட்டோடு வில்லைத் திரும்பச் செருகுவதற்குக் கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு தரமும் ஐயா கீழே படுத்தபடி “அண்ணை, வாங்கோ” என்பார். நிழலில் குந்தியிருக்கும் பெரியப்பா “வாறன்” என்று சொல்லி ஐந்தாறு அடி நடந்து வந்து துலாவின் நுனியில் ஏறி இருப்பார். பாரம் கட்டையை விட்டு எழும்பும். ஐயா சுத்தியலால் தட்டி நகர்த்துவார். காலையிலிருந்து ஏழெட்டுத் தரம் இப்படியே நடந்தது. ஐயாவின் முகம் முன்சில்லுப் பக்கம் இருந்தது. பெரியப்பா வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது. சொல்லைக் கேட்டு, மனதுக்குள் அடிகளை எண்ணித்தான் தட்டினார். ஒரு தரம் நானும் துலாவில் ஏறி இருந்து பார்த்தேன். என் பாரத்துக்கு லொறி எழும்பவில்லை.

பெரியப்பாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் சிப்பம் ஏற்ற வேண்டும்.

“உன்ரை கையிலை குடுத்த வண்டி எது ஒழுங்கா ஓடினது? நாலு நாளா வயித்தைக் காட்டிக்கொண்டு கிடக்கிறாய்.”

“வில்லில்லாமல் ஏத்தினால் சிப்பம் நடுறோட்டிலைதான் கிடக்கும், அண்ணை. மாடு வந்து திண்ணும்.”

“ஒரு மாட்டு வண்டில் பிடிச்சிருந்தால் இப்ப அங்கை போய்ச் சேர்ந்திருக்கும்.”

“உங்களுக்கு மாடுதான் சரி,” என்றார் ஐயா. கீழே கிடந்தபடியே அவர் சிரிப்பது கேட்டது. “அண்டைக்கு லொறி ஓட்டப் பழகேக்கை, பிறேக்கை மிதியாமல் ‘ஓ, ஓ’ எண்டு கத்தினீங்களெல்லே. லொறிக்குக் காது கேக்கேல்லை. பக்கத்து வளவு வேலிக்கு இண்டைக்கும் உங்களைக் கண்டால் நடுக்கம்.”

அது உண்மையாக நடந்த விஷயம். கயிறும் கையுமாக மாட்டை இழுப்பதுபோல் பெரியப்பா சுக்கானைப் பின்னுக்கு இழுத்ததை நானும் பார்த்திருந்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். தம்பி சொன்னது ஒன்று, தம்பியின் மகன் சிரித்தது வேறொன்று. அவர் எழும்பினார்.

அந்த நேரம் ஐயா, “சரி அண்ணை, கடைசித் தரம். வாங்கோ,” என்றார்.

பெரியப்பா கப்புத் தூணில் கொழுவியிருந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

“வாறன்,” என்றார்.

“கெதியா வாங்கோ,” என்றார் ஐயா.

பெரியப்பா வெளிவாசல் படலைப் பக்கம் நடந்தார். அவருடைய முதுகை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஐயாவுக்கு அது தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு அடி நடக்கிற நேரம் போனது. ஐயா கட்டையைத் தட்டினார்.

சத்தம் பெரிதாக இல்லை. துலா மரம் ஒரு தரம் எகிறி விழுந்தது.

முதலில் ஓடி வந்தவர் பெரியப்பாதான். தனியாகத் தோளைக் கொடுத்து லொறியைத் தூக்கப் பார்த்தார். அன்றைக்குப் போன அவருடைய வலது தோள் பிறகு நிமிரவே இல்லை. அயலவர்கள் வந்து தூக்கினார்கள். ஐயாவை வண்டிலில் வைத்து மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் வண்டிலைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

மரண விசாரணைக்கு ஒருவர் வருவார் என்று சொன்னார்கள். அவர் வருவதற்கு முன் அம்மா முற்றத்தில் இறங்கிப் படலையடிக்கு நடந்து போனா. அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் கீழே கிடந்த பெரியப்பாவின் சால்வையை எடுத்து, மண்ணை உதறி, கொண்டு வந்து பழைய கப்பிலேயே கொழுவினா. ஆட்கள் வருகிறார்கள், முற்றத்தை ஒதுக்குகிறா என்று நினைத்தேன். பிறகு என் முகத்தைத் துடைத்துவிட்டா.

“கேட்டதுக்கு மட்டும் சொல்லு. வேறை ஒண்டும் கதையாதை. இந்த வீட்டிலை இனி ஆம்பிளை எண்டு அவர் ஒராள்தான்.”

விசாரணைக்காரர் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் எழுதினார். பெரியப்பா தலை நிமிராமல் நின்றார். கேட்டதற்கு, “வாறன் எண்டு சொன்னனான்,” என்று மட்டும் சொன்னார்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

“பயப்பிடாதை, தம்பி. கொப்பர் பெரியப்பாவைக் கூப்பிட்டவரோ?”

“ஓம்.”

“பெரியப்பா என்ன சொன்னவர்?”

“வாறன் எண்டு சொன்னவர்.”

“அதுக்குக் கொப்பர்?”

“கெதியா வாங்கோ எண்டவர்.”

விசாரணைக்காரர் கப்பில் தொங்கிய சால்வையைப் பார்த்தார். துலாவைப் பார்த்தார். தமையன் வந்து சேருமுன் கட்டை வழுக்கிவிட்டது என்று எழுதினார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என்னைப் போல் உண்மை சொன்ன பிள்ளையைக் கண்டதில்லை என்று அவர் என் தலையைத் தடவினார்.

அந்த லொறியைப் பெரியப்பா பிறகு தொடவில்லை. அது அங்கேயே புதைந்து, சில்லுக்குள் புல்லு முளைத்துக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் அதைக் கழற்றிக் கழற்றித்தான் நான் தொழில் பழகினேன். எங்களுக்கு நெல்லும் துணியும் பெரியப்பா வீட்டிலிருந்து வந்தன. தங்கச்சியின் கலியாணத்தையும் அவர்தான் செய்துவைத்தார்.

கிழமைக்கு ஒரு தரம் வருவார். அம்மா கொடுக்கும் தேத்தண்ணியைக் குடிப்பார். குடித்து முடிந்ததும் எழும்பி நடந்துவிடுவார், ஒரு சொல்லும் சொல்லாமல். செத்த வீட்டிலிருந்துதான் எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்லாமல் போவார்கள். அவர் எங்கள் வீட்டிலிருந்து இருபது வருஷம் அப்படியே போனார். அம்மாவும் அவரை ஒரு நாளும் “போட்டு வாங்கோ” என்று விடை சொல்லி அனுப்பவில்லை.

எனக்கு அது வேறு விதமாக விளங்கியது. நான் அன்றைக்குச் சிரித்தேன், அந்தக் கோபம் அவருக்கு இன்னும் போகவில்லை, அதனால்தான் சொல்லாமல் போகிறார் என்று நினைத்தேன். ஆகவே அவர் முன்னால் இனிச் சிரிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அவர் இனிப்பு வாங்கி வந்தாலும், எனக்கு வேடிக்கை காட்ட ஏதாவது சொன்னாலும், முகத்தை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணியைப் பார்ப்பார். மரியாதையாக நடக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. எல்லாவற்றையும் பார்த்த ஒரே ஆள் அப்படி நின்று தன்னைப் பார்ப்பது அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று, அவர் சாகும்வரை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

சித்திரையில் எழுதத் தொடங்கி, ஆடி பதினேழாம் திகதி, வியாழக்கிழமை எழுதி முடித்தேன்.