மாவுக்கட்டு அக்காவின் கை

எலும்பு முறிவுப் பிரிவில் அவளை எல்லாரும் மாவுக்கட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் சொன்னதும் உடைந்த கையையோ காலையோ பிடித்து இழுத்து நேராக்குபவள் அவள். கட்டுப் போடுவதும், எலும்பு கூடிய பிறகு அதை அறுத்து எடுப்பதும் அவள்தான். அறுத்த கட்டுகளைச் சுத்தியலால் அடித்து நொறுக்குவதும் அவளே. இந்தக் கடைசி வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, தானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

அது தொடங்கிய கதை கொஞ்சம் கொடூரமானது. லாரியில் அடிபட்ட ஒரு குழந்தை அவள் விரலைப் பிடித்தபடியே செத்துப்போனது. குழந்தையின் மாமன்காரன் ஓடிவந்து, டாக்டரை விட்டுவிட்டு அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்து வீட்டுக்குப் போனாள். குழம்பில் உப்பில்லை என்று மகன் முகத்தைச் சுளித்தான். அவ்வளவுதான், கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் பறந்தது. பையனுடைய காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டு நசுங்கியது. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் மண்டை பிளந்து வருகிறவர்களைப் பார்க்கிறவள். பையன் அழக்கூட இல்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மறுநாள் வேலைக்கு வந்ததும், அறைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் ஒரு பழைய கால்கட்டை வைத்து வெறிகொண்டவள் மாதிரி அடித்தாள். முகமெல்லாம் வெள்ளை மாவு. சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த நர்ஸ், “எனக்கும் ஒண்ணு குடுங்கக்கா” என்றாள். அப்படித்தான் அது ஒரு வழக்கமாகிப்போனது. வேலை முடிந்து போகும்போது மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தராக வருவார்கள். ஆளுக்கு ஒரு கட்டு. அடிப்பதற்கு முன்னால் அது யார் என்று சொல்லிவிட வேண்டும். “இது என் மேல காறித் துப்பினவன்.” “இது லீவு தரமாட்டேன்னு சொன்ன மேட்ரன்.” ஒருத்தி வந்து, “இது என் மாமியார்” என்றாள். வீட்டுச் சமாச்சாரம் இங்கே செல்லாது என்று சொல்லியும், பாவப்பட்டு அக்கா அவளுக்கு இடுப்புவரை வரும் பெரிய கட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

அக்காவின் வீட்டிலும் அதற்குப் பிறகு ஒரு சாமான் பறக்கவில்லை. “உன் சுத்தியலுக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்டி” என்று புருஷன் கிண்டல் செய்வார். பையன் மறுபடியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். அவளுக்கு அது போதும்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் திடீரென்று அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. மன அழுத்தத்தைக் குறைக்கிறோம் என்று ஹாலில் ஒரு வகுப்பு வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த அம்மையார் ஆளுக்கொரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்கிக்கொண்டே மூச்சை நிதானமாக இழுத்து விடச் சொன்னார். தோள் தளரும், மூச்சு ஆழமாகும், மனசு லேசாகிவிடும் என்றார். பாதியிலேயே விபத்துக் கேஸ் வந்துவிட்டது. பாதி ஹால் எழுந்து ஓட, பந்துகள் நாற்காலிக்கு அடியில் உருண்டன. அடிக்க வருகிறவனைத் தடுக்க வாசலில் ஒரு ஆளைப் போடத் துப்பில்லை, பந்து வாங்க மட்டும் மனசு வந்துவிட்டது இவர்களுக்கு.

அந்த ஆளைப் போட்டிருந்தால் சின்ன சிஸ்டரின் வாய் கிழிந்திருக்காது. சின்ன சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன நர்ஸ். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத பெண். ஒருநாள் காலையில் ஒரு தடியன் மூச்சுத்திணறும் அப்பாவைக் கொண்டுவந்தான். அவள் கிழவருக்கு ஆக்சிஜன் மாட்டிவிட்டு, “நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க” என்றாள். அவள் சட்டையைப் பிடித்து இழுத்து வாயிலேயே குத்தினான். உதடு கிழிந்தது, முன்பல் ஒன்று உடைந்து தரையில் விழுந்தது. அடுத்த குத்துக்கு அவள் குனிந்துவிட்டாள். அது இரும்பு பீரோவில் விழுந்து அவன் கையே உடைந்தது. அவள் மாட்டிய ஆக்சிஜனில் அவன் அப்பா பிழைத்துக்கொண்டார்.

போலீஸ்காரர் வாசலில் காத்திருக்க, தடியனை அக்காவிடம்தான் அனுப்பினார்கள். டாக்டர் கை மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, “பத்து நிமிஷம் கழிச்சு இழுக்கலாம், நான் வந்துடறேன்” என்று அடுத்த அறைக்குப் போனார்.

தடியன் ஸ்டூலில் உட்கார்ந்து வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அந்தப் பொண்ணு ஒழுங்கா பேசியிருந்தா எனக்கு இது வந்திருக்குமா? சீக்கிரம் முடிச்சு விடுங்க, வேலை இருக்கு” என்றான்.

“சீக்கிரமாவே முடிச்சிடலாம்” என்றாள் அக்கா.

அவன் சுண்டுவிரலைப் பற்றினாள். தன் கட்டைவிரலை உடைந்த இடத்தில் வைத்து அமுக்கினாள். உள்ளே எலும்போடு எலும்பு உரசியது. அவன் அலறினான்.

“அக்கா, ஊசி இன்னும் வேலை செய்யலக்கா.”

“தெரியும்.”

மறுபடியும் அமுக்கினாள், இந்த முறை திருகினாள். அவன் ஸ்டூலிலிருந்து சரிந்து முட்டிபோட்டு, மூக்கு ஒழுக, அம்மா அம்மா என்று கதறினான். அக்காவின் தோள் தளர்ந்தது. மூச்சு ஆழமாக, நிதானமாக வந்தது. மனசு லேசாக இருந்தது, சிரிப்புக்கூட வரும்போலிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் சுத்தியலைப் பிடித்துப் பசிக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், இன்றைக்குத்தான் சோறு கிடைத்திருக்கிறது. ருசி தெரிந்துவிட்ட இந்தக் கையோடுதான் சாயங்காலம் பையன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

அவன் கையை உதறி விட்டுவிட்டு வெளியே வந்தாள். அலறல் கேட்டு டாக்டர் வேகமாக வந்துகொண்டிருந்தார்.

“சார், வேற ஆளை வெச்சு இழுத்துக்கோங்க. என்னால ஆகாது.”

“ஏன், முடியலையா? அரை நாள் லீவு எடுத்துக்கோங்க.”

“கை மரத்துப்போறதுக்கு முன்னாடியே அமுக்கினேன் சார். வேணும்னேதான்.”

டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் எதுவும் கேக்கல. அவன் பண்ணினதுக்கு யாரா இருந்தாலும் கோவம் வரும். போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க.”

“கோவம் இல்ல சார், அது எப்பவோ போயிடுச்சு” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. “நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை அமுக்கணும்போல இருக்கு. என்னை உள்ள விடாதீங்க சார்.”