அவசரமில்லாத மாஸ்டர்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ‘மடிப்பு மாஸ்டர்’ என்று பெயர். சட்டையின் மடிப்பு கலைந்து அவரை யாரும் பார்த்ததில்லை. பழக வந்தவர் வண்டியை நேராகச் சுவரை நோக்கி விட்டாலும், “ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா பிரேக்க மிதிங்க” என்பார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் சில சுவர்கள் இடிந்ததும் உண்டு.

நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோதுகூட அவர்தான் டாக்டருக்கு ஆறுதல் சொன்னார். மருந்து ஏற்றத் தொடங்கி முடி கொட்டியதும் நல்லதாக ஒரு தொப்பி வாங்கிக்கொண்டார். டாக்டர் மட்டும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: இந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடியோடு குறைத்துவிடும், காய்ச்சல் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும், வந்ததும் முதல் வார்த்தையாக இந்தச் சிகிச்சையைச் சொல்ல வேண்டும்.

ஒரு மத்தியானம் உடம்பு அனலாய்க் கொதித்தது. மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியைத் தேடினார்.

அவர் மனைவி மழலையர் பள்ளி டீச்சர். போன் வந்ததும் பாதி வகுப்பில் ஓடிவந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோமா, பொண்ணு பாக்கப் போறோமா?”

“கசங்கின சட்டையோட போனா என்ன நினைப்பாங்க?”

“காய்ச்சல்னு நினைப்பாங்க. கிளம்புங்க!”

அவசரப் பிரிவின் வாசலில் இருந்த உதவியாளர் இருவரையும் பார்த்தார். ஒருவர் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். இன்னொருவர் தலை கலைந்து, மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் சாக்பீஸ் தூளோடு நிற்கிறார். டீச்சரைப் பிடித்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்.

“நான் இல்லப்பா, இவரு!”

“பதட்டப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்.”

மாஸ்டரே நாற்காலியைத் தள்ளினார். வளைவில் ஒரு குலுக்கல் இல்லை.

உள்ளே நர்ஸ், டீச்சர் வாயைத் திறப்பதற்குள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்ததும் புருவம் உயர்ந்தது. “இவ்வளவு இருக்கே!” டீச்சர் மாஸ்டரைக் கைகாட்டவும் அவர் பக்கம் திரும்பினார். “சார், நீங்க எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன்மா. லேசா சூடு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, மத்தவங்களப் பாருங்க” என்றவர், லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் போய் உட்காரப் பார்த்தார்.

டீச்சர் நாற்காலியைவிட்டு எழுந்தார். “எல்லாரும் அமைதி!”

மழலையர் வகுப்பையே அடக்கிய குரல் அது. இருமலே நின்றுவிட்டது.

“இவருக்குப் புற்றுநோய். மருந்து ஏத்திக்கிட்டு இருக்காங்க. இப்போ காய்ச்சல். நல்லா இருக்கேன்னு சொல்றது இவருக்குப் பழக்கம், அத நம்பாதீங்க!”

நர்ஸின் முகம் மாறியது. அடுத்த நிமிடம் மாஸ்டருக்கு முகக்கவசம் மாட்டி, யாரும் இல்லாத தனி அறையில் படுக்கவைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் கிருமிக்கொல்லி மருந்தை நரம்பில் ஏற்றினார்கள்.

“கிருமியோட சண்டை போட இவங்க உடம்புல ஆள் இல்லம்மா. பாக்க நல்லாத்தான் இருப்பாங்க, திடுதிப்புன்னு பிரஷர் இறங்கிடும்” என்றார் நர்ஸ்.

சொன்னதுபோலவே இறங்கியது. உதடு வெளுத்தது. கழற்ற நேரமில்லாமல் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். மாஸ்டர் மனைவியின் விரலைத் தேடிப் பிடித்தார்.

“கொஞ்சம் அவசரம்தான் போல.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் இந்த ஒரு வார்த்தை வராதா என்று டீச்சர் ஏங்கியிருக்கிறார். வந்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை.

மாஸ்டர் பிழைத்தார். பிறகு மிச்ச மருந்தையும் ஏற்றி முடித்தார். நோய் அடங்கிவிட்டது என்று டாக்டரே கை குலுக்கி அனுப்பினார். டீச்சரைத்தான் ஆஸ்பத்திரி விடவில்லை. அன்று பார்த்த ரத்த அழுத்தம் பதட்டத்தால் வந்ததல்ல, வெகுநாளாகவே இருந்திருக்கிறது. இனி தினமும் மாத்திரை.

இப்போது வீட்டில் சமையல் மாஸ்டருடையது. சாப்பாட்டில் உப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. “இத மனுஷன் திம்பானா?” என்று டீச்சர் குரலை உயர்த்தினால், மாஸ்டர் எழுந்துபோய் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துவருகிறார்.