அப்பாவின் கத்திக்கு எலும்புப் பிடி

மாட்டுக்கறி எனக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் எங்கள் ஜீவனஹள்ளி வீட்டில் அதுதான் குழம்பு. ஆனால் வயிற்றுக்காக வேகவைப்பது வேறு, கத்திக்காக வேகவைப்பது வேறு. என் கணவர் மாட்டுக்கால் எலும்புகளை என் குக்கரில் போட்டு விசில் விட்ட அன்று எழுந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

எல்லாம் அப்பாவின் மடக்குக் கத்திக்காக. எங்களோடு இருக்கும் அப்பாவுக்குப் பல் இல்லை, விரல்களும் சரியாக மடங்காது. சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைய, எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். சாயங்காலம் ஓர் ஆப்பிளை மட்டும் அவரே மெல்லிசாகச் சீவிச் சாப்பிடுவார். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. கத்தியின் சிவப்புப் பிளாஸ்டிக் பிடி தேய்ந்து, ஓரம் உடைந்து, பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அப்பாவின் பிறந்தநாளுக்குள் அதைப் பெயர்த்துவிட்டு எலும்பு பதித்து மாமனாரை அசத்தப் போவதாகக் கிளம்பினார் என் கணவர். நாலு வீடியோ பார்த்த தைரியம். கூர் தீட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் கத்தியை வாங்கினார். அது திரும்பும்வரை அப்பா ஆப்பிளைத் தொடவில்லை.

கொழுப்பு போக வேண்டுமென்று எலும்பைப் பெயின்ட் வாளியில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பால்கனியில் ஊறவைத்தார். மேலே ஆடை படர்ந்தது, ஈ மொய்த்தது. பிறகு வீட்டுக்குள் உட்கார்ந்து அறுத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அந்த வெள்ளைத் தூள் துவைத்த துணியில், மாதா சுரூபத்தின் மேல், என் காபி டம்ளரில்.

"கருமம்! இதை வெளியில வெச்சுப் பண்ணக் கூடாதா?"

"முடிஞ்சப்புறம் பாரு, சக்கத்தா இருக்கும், அசந்துடுவே."

மூக்கை மூடி மாஸ்க் போட்டுக்கொண்டு சொன்னார். எங்களுக்கு மாஸ்க் இல்லை.

முடிந்தபோது, சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, அழகாகத்தான் இருந்தது. வெண்ணெய் நிறத்தில் வழவழவென்று மின்னியது. பிறந்தநாள் சாயங்காலம் அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குது மாப்ள," என்றார்.

ஆப்பிளை எடுத்தார். கத்தி கைக்குள் வழுக்கித் திரும்பியது. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீயே வெட்டிக் குடும்மா."

வெட்டிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் தின்றார். என் கணவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் வந்த அருவருப்பு எலும்பு வாடைக்குக்கூட வரவில்லை.

பழைய பிடியில் அப்பாவின் கட்டைவிரல் வருஷக்கணக்கில் தேய்த்த பள்ளம் இருந்தது. விறைத்த விரல் அதில்தான் நின்றது. அசிங்கம் என்று நான் நினைத்தது அதைத்தான்.

"பழைய பிடி எங்க?"

"அந்தக் குப்பையா? எலும்புத் துண்டோட வாளியில போட்டேன். நாளைக்குக் கொட்டணும்."

வாளியின் மூடியைத் திறந்து முழங்கை வரை கையை விட்டேன். கொழகொழவென்று என்னவோ விரலிடுக்கில் புகுந்தது. பிடியின் ஒரு பக்கத்துச் சிவப்புத் துண்டு கிடைத்தது. இன்னொன்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது என் கணவர் பால்கனி வாசலில் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"சீ! என்னடி பண்றே?"

"ஆணியைத் துளைச்சு அந்த எலும்பைக் கழட்டணும்," என்றேன். "டிரில்லை எடுத்துட்டு வாங்க."