அழித்த புள்ளிகள்

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. பேருந்தில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று நினைப்பேன். இரண்டாயிரங்களில் மண்ணரை என்ற ஊரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் வேலை பார்த்தபோது அந்தப் புத்திதான் எனக்குச் சோறு போட்டது. பனியனில் அடிக்க வரும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து பிலிம் எடுக்க வேண்டும். அதற்கு முன் ஸ்கேனில் விழுந்திருக்கும் தூசியைத் தேடித் தேடி அழிப்பேன். ஒரு சின்னப் புள்ளியைக்கூட நம்ப மாட்டேன்.

ஒரு முறை, எங்களிடம் பனியன் வாங்கும் அமெரிக்க பையரிடமிருந்து ஒரு படம் வந்தது. மேற்கே போகும் கூண்டு வண்டி, குதிரைமேல் சிப்பாய்கள், சிவந்த பாறைகள். பாறையடியில் பழுப்பாகச் சில புள்ளிகள். வழக்கம்போல அழித்துவிட்டேன். சாம்பிள் அடித்து கூரியரில் போன பிறகு, எதற்கோ மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தனையும் மனிதர்கள். போர்வை போர்த்திக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். ஒருத்தியின் முதுகில் குழந்தை இருந்தது.

படத்தின் ஓரத்தில் நவாஹோ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மாலையில் பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தச் சொல்லைத் தட்டினேன். மேற்கே நிலம் தேடிப் போன வெள்ளைக்காரர்களுக்காக அந்த மக்களை அவர்கள் மண்ணிலிருந்தே ராணுவம் கிளப்பியிருக்கிறது. மக்காச்சோளக் காட்டை எரித்து, ஆடுகளைக் கொன்று, காய்க்கிற பீச் மரங்களை வெட்டி, பட்டினியில் பணிய வைத்து, நூற்றுக்கணக்கான மைல் நடத்தியிருக்கிறார்கள். நடக்க முடியாதவர்கள் வழியிலேயே செத்தார்கள். எங்களுக்கு மூலனூரில் முருங்கைத் தோட்டம். காய்க்கிற மரத்தில் அரிவாள் வைப்பவன்மேல் எவ்வளவு ஆத்திரம் வரும் என்று எனக்குத் தெரியும். மிஞ்சியவர்கள் சில வருடங்களில் தங்கள் மண்ணுக்கே திரும்பினார்களாம். அப்படித் திரும்பியவர்களைத்தான் நான் உட்கார்ந்த இடத்தில் அழித்திருந்தேன்.

எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரை ஒரு நிறம் மாறிப்போனதற்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் எனக்குத் தூக்கமில்லை. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் குரலைத் தாழ்த்திப் பேசினால் என் பேச்சுதான் என்று தோன்றியது. துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்கள் என்னைக் கண்டு சட்டென்று அமைதியானால், இவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில், வேலை போனாலும் போகட்டும் என்று, அந்த மனிதர்களைச் சேர்த்துப் புதிதாக ஒரு பிலிம் எடுத்தேன்.

பையரின் பதில் வந்த அன்று அந்த பிலிமோடு முதலாளியிடம் போனேன்.

"ஏனுங்க, அந்தப் படத்துல வரிசையா ஆளுங்க நடந்துட்டிருந்தாங்க. தூசின்னு நெனச்சு நாந்தானுங்க அழிச்சுப்போட்டேன்."

"அப்ரூவலே வந்துருச்சு கண்ணு. இனி எதுக்கு அதைக் கிளறோணும்?"

"அவங்க கவனிச்சிருக்க மாட்டாங்கங்க. ஒரு மெயில் போட்டுச் சொல்லிரலாங்க."

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். மெயிலில் இரண்டே வரிகள். சாம்பிள் சரியாக இருக்கிறது, உற்பத்தியை ஆரம்பிக்கலாம். கீழே நடந்துபோன ஆட்களை எடுத்துவிட்டது நல்லது, படம் இப்போது சுத்தமாக இருக்கிறது.

வேலை தப்பியது. பிலிமைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பத்து நாளில் யூனிட்டில் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. அந்தப் பையரை மட்டும் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.