வலது கையில போட்ட ஊசி

எங்க வார்டுல காய்ச்சலோட படுத்திருக்கிறவர் கோட்டைப்பட்டினத்துல போட்டுல மீன்பிடிக்கப் போறவர். கூட இருக்க ஆள் இல்ல.

முந்தாநாள் டிரிப்ஸ் போடப் போனப்ப, "சிஸ்டர், இந்தக் கை வேணாம், அந்தக் கையில போடுங்களேன்"னார்.

"நரம்பு இதுலதாங்க நல்லாத் தெரியுது. ஆட்டாம இருங்க"ன்னு வலது கையிலயே குத்திட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. இன்னும் பத்துப் பேருக்குப் போட வேண்டியிருந்துச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு நாளா சோறு வச்சது வச்சபடி கிடந்துச்சு. டீ மட்டும் குடிச்சார். இன்னிக்குக் காலைல டாக்டர், பசியே இல்ல போலன்னு வயித்துக்கு ஸ்கேன் எழுதிட்டார்.

மத்தியானம்தான் பக்கத்துல உக்காந்து, "ஏங்க சாப்பிட மாட்டேங்கிறீங்க?"ன்னு கேட்டேன்.

"எடது கையால எப்புடிம்மா சோத்தத் தொடுறது?"

கோவமே இல்லாம சொன்னார். அதைத்தான் தாங்க முடியல.

ஊசிய எடது கைக்கு மாத்தினேன். மனுசன் தட்டை வழிச்சுச் சாப்பிட்டார்.

சார்ட்டை எடுத்துப் பாத்தா, ரெண்டு நாளும் என் கையெழுத்துலதான் இருக்கு: "நோயாளி சாப்பிட மறுத்தார்."

சிஸ்டர் கேக்க மறுத்தார்னு எழுத அதுல கட்டமே இல்ல. உங்க ஆஸ்பத்திரி சார்ட்ல இருக்குதாங்க?