வலது இறக்கை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அங்கே தையல் மெஷினோ தோல் வெட்டும் பிரஸ்ஸோ நின்றுபோனால் முதலில் இன்பராஜைத் தேடுவார்கள். மெயின்டனன்ஸ் பிரிவில் அவர் மூத்த ஃபிட்டர். எதைக் கழற்றினாலும், கழற்றிய வரிசையிலேயே திருகுகளை ஒரு தட்டில் அடுக்கி வைப்பார். அந்தத் தட்டைத் தாண்டிப் போகிறவர்கள் காலைப் பார்த்து வைத்துத்தான் நடப்பார்கள்.

முதலாளியின் இளைய மகன் தௌசீப் அகமது வெளிநாட்டில் படிக்கும்போது சிறு விமானம் ஓட்டப் பழகியவர். ஊர் திரும்பிய சில வருடங்களில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினார். விமானமாக வரவில்லை, பெட்டிகளில் தகடுகளாகவும் குழாய்களாகவும் ரிவிட்டுகளாகவும் வந்து இறங்கியது. படத்தைப் பார்த்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். கம்பெனியின் பழைய குடோனைக் காலி செய்து கொடுத்தார்கள். பூட்டும் வேலை இன்பராஜிடம் வந்தது.

நான்கு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. மனைவி ஜாஸ்மின் இன்னொரு கம்பெனியில் ஷூவின் தரம் பார்க்கும் செக்கர். அவர் ஞாயிறுதோறும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "ஊரே சர்ச்சுக்குப் போவுது. எங்க வூட்டுக்காரரு மட்டும் ஏசுவைப் பாக்க ஏரோப்ளேன் செஞ்சிட்டுப் போவாரு."

விமானம் முடிந்தது. அனுமதிகள் வந்தன. ஓய்வுபெற்ற ராணுவ விமானி ஒருவரை வைத்து வெள்ளோட்டமும் முடித்தார்கள். அடுத்து முதலாளி மகன் ஒரு முறை, அதற்கடுத்த ஞாயிறு இன்பராஜ் ஒரு முறை என்று பேச்சு. இன்பராஜ் அதுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை. தான் பூட்டிய ஒன்றில் ஒரு தடவை மேலே போய்வர வேண்டும் என்பதைத் தவிர இந்த வேலையில் அவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அதை அவர் ஜாஸ்மினிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

தௌசீப் ஏறிய அன்றைக்கே எஞ்சின் நின்றது. எரிபொருள் குழாயில் அடைப்பு என்று பிறகு தெரிந்தது. விமானி பதறாமல் காவேரிப்பாக்கம் ஏரியின் காய்ந்த பகுதியில் இறக்கிவிட்டார். வெடித்துக் கிடந்த களிமண்ணில் முன்சக்கரம் மாட்டி முறிந்தது. இடது இறக்கை சீமைக்கருவேலப் புதருக்குள் புகுந்து மடங்கியது. உள்ளே இருந்த இருவருக்கும் சிராய்ப்புதான். வலது இறக்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

அதிகாரிகள் வந்து பார்த்து, எடுத்துப்போகலாம் என்று எழுதிக்கொடுக்கும்வரை அது ஏரியிலேயே கிடந்தது. பிறகு இன்பராஜும் கலீமுல்லாவும் லாரியோடு போனார்கள். கலீமுல்லா அதே முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில் ஃபினிஷிங் மேஸ்திரி. இன்பராஜுக்குப் பல வருடத் தோஸ்த். அவர் முதலில் கொண்டுவந்தது உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றும் லாரி. இன்பராஜ் அதன் பலகையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு, பாய். இதுல ஏத்தக் கூடாது."

"கழுவித்தான் கொண்டாந்தேன்."

"உங்க கழுவல நாக்கு சொல்லுது. வேற வண்டி."

ஷூ பெட்டி ஏற்றும் சுத்தமான லாரி வந்தது. இரண்டு இறக்கைகளையும் கழற்றி, உடலை நடுவிலும் இறக்கைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தியும் வைத்தார்கள். உரசாமல் இருக்க மெத்தை வேண்டும். அங்கேதான் தப்பு நடந்தது. தோல் ஊரில் மெத்தைக்கு யாரும் பஞ்சு தேட மாட்டார்கள். குரோம் போட்டுப் பதனிட்ட, இன்னும் காயாத நீலத் தோலை அங்கே வெட் புளூ என்பார்கள். அதில் சீவிக் கழிக்கும் அடிப்பட்டை தடியாகவும் மெத்தென்றும் இருக்கும். வழுக்காது, காற்றில் பறக்காது, காசும் கிடையாது. கலீமுல்லா ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். அதை வெட்டி வெட்டி இறக்கைக்கும் லாரியின் மரக்கட்டைக்கும் நடுவில் திணித்துக் கயிறு போட்டவர் இன்பராஜேதான். உப்பை நாக்கில் கண்டுபிடித்தவருக்கு, அந்த ஈரத் தோலுக்குள்ளேயே உப்பும் அமிலமும் இருக்கின்றன என்பது தோன்றவில்லை. அலுமினியம் துருப்பிடிக்காது என்று அவரும் நம்பியிருந்தார்.

வாலாஜா தாண்டும்போது மழை பிடித்தது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் லாரியைச் சுற்றிக் கூட்டம்.

"இன்னாப்பா, ஷூட்டிங்கா?"

"ஏரோப்ளேனுக்கு இன்னா ரேட்டு போடுவீங்க?" என்று கலீமுல்லா சாவடிப் பையனைக் கேட்டார்.

"ரோட்ல போச்சுன்னா லாரி ரேட்டு. மேல போச்சுன்னா ஃப்ரீ, பாய்."

குடோனில் இறக்கியதும் உடைந்த பக்கத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தௌசீப் ஆர்டர் விஷயமாக வெளிநாடு போய்விட்டார். இடது இறக்கைக்கும் முன்சக்கரத்துக்கும் புதுப் பாகங்கள் வந்து சேர மூன்று மாதம் ஆனது. அவற்றைப் பூட்ட அதற்கும் மேல். வலது இறக்கை நல்ல இறக்கை. அதில் கை வைக்க வேண்டாம் என்று தோல் மெத்தைக் கட்டோடு, தார்ப்பாய் போட்டு, சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அந்த வருடம் மழையும் ஜாஸ்தி.

இதற்கிடையில் தௌசீப் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க, இன்பராஜ். இனிமே நான் ஏறக் கூடாதாம். கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் கேக்குறார். பெருநாள் கழிஞ்சதும் வந்து ஓட்டிட்டுப் போயிடுவார். அதுக்கு முன்னாடி ரெடி பண்ணுங்க. டெஸ்ட் முடிஞ்ச கையோட உங்களை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகச் சொல்றேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

ரம்ஜான் நோன்பு தொடங்கிய வாரத்தில் இன்பராஜ் வலது இறக்கையின் கட்டைப் பிரித்தார். தோல் துண்டுகள் காய்ந்து, காயத்துக் கட்டுபோல் தகட்டோடு ஒட்டியிருந்தன. உரித்த இடத்தில் எல்லாம் வெள்ளை மாவு. துணியால் துடைத்தார். மாவு போயிற்று, அடியில் ஊசி குத்தியதுபோல் குழிகள். எங்கெங்கே மெத்தை வைத்தாரோ அங்கங்கே, அந்தந்தத் துண்டின் வடிவத்திலேயே குழிகள் இருந்தன.

கலீமுல்லா குனிந்து பார்த்தார்.

"இது இன்னாப்பா, அம்மை போட்ட மாதிரி?"

"நீங்க குடுத்தது, நான் வெச்சது."

இறக்கையின் அடியில் கைவிட்டுப் பார்க்க ஒரு திறப்பு உண்டு. இன்பராஜ் அதற்குள் டார்ச்சை வைத்தார். இறக்கைமேல் தார்ப்பாயைப் போர்த்தி இருவரும் அதற்குள் தலையை நுழைத்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் இரண்டு இடத்தில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தகட்டைத் தாண்டி வந்தது.

வெளியே வந்ததும் கலீமுல்லா தைரியம் சொன்னார். அவர் தொழிலில் இது பெரிய விஷயமே இல்லை.

"லைட்டா பஃப் பண்ணு. பள்ளத்துல பேஸ்ட் போடு. மேல ரெண்டு கோட்டு ஸ்ப்ரே. முள்ளு கிழிச்ச தோலு, உண்ணி கடிச்ச தோலு, எல்லாத்தையும் நான் அப்பிடித்தானே ஏ கிரேடாக்கி ஜெர்மனிக்கு அனுப்புறேன்? எந்த ஜெர்மன்காரன் வந்து கேட்டான்?"

"ஷூ கிழிஞ்சா ஜெர்மன்காரன் வெறுங்கால்ல நடந்து வூட்டுக்குப் போயிடுவான், பாய். இது கிழிஞ்சா எங்க நடப்பான்?"

"உடனே கிழிஞ்சிடுமா?"

"இல்ல. எப்பன்னு தெரியாது. அதான் பேஜாரு."

தௌசீப் வந்தார். குழிகளை நகத்தால் நெருடினார். கோபப்படவில்லை. தகடு முழுவதையும் மாற்ற எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். தகடு வரவே மாதக்கணக்கில் ஆகும் என்றார் இன்பராஜ். பெயின்ட் அடித்தால் பறக்குமா என்று கேட்டார் தௌசீப்.

"பறக்கும் சார். உங்க டெஸ்ட்டும் முடியும், என் ரவுண்டும் முடியும். அதுக்கப்புறம் எத்தினி மாசம்னு என்னால சொல்ல முடியாது."

தௌசீப் தார்ப்பாயை இழுத்து இறக்கையை மூடினார்.

"பூட்டினது நீங்க. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க. வர்றவர்கிட்ட நான் பெருநாள்னு வாக்கு குடுத்திருக்கேன்."

அப்படி அவர் முடிவைக் கை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்பராஜ் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார்.

"இன்னா, ஏரோப்ளேன் மூஞ்சியாவே இருக்கு?" என்றார் ஜாஸ்மின்.

விஷயத்தைச் சொன்னார்.

"பெயின்ட் அடிச்சா நீங்க போயிட்டு வந்துடலாம்."

"ஆமா."

"நீங்க போறப்ப ஒண்ணும் ஆவாது."

"ஆவாது."

"வாங்கிட்டுப் போறவரு?"

"அவருக்கு ரெண்டு பசங்களாம்."

ஜாஸ்மின் ரசத்தை ஊற்றினார். "செக்கிங்ல எனக்கு ஒரு டவுட்டு வந்தா நான் முத்திரை போட மாட்டேன். சூப்ரவைசர் கத்துவான். கத்திட்டுப் போறான். நீங்க ஏறணும்னு எனக்கும் ஆசைதான். ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டேன் வேற."

மறுநாள் காலை இன்பராஜ் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொன்னார். குடோனைத் திறந்து வலது இறக்கையை மேசைமேல் படுக்கவைத்தார். ஒவ்வொரு ரிவிட்டின் தலையிலும் புள்ளி அடித்து, டிரில்லால் தலையைச் சீவி, தண்டைத் தட்டி எடுத்தார். தான் கையால் அடித்த ரிவிட்டுகள். சத்தம் கேட்டுக் கலீமுல்லா ஓடிவந்தபோது பாதித் தகடு கழன்று தொங்கியது.

"அரே! முதலாளியைக் கேக்க வேணாமா?"

"கேட்டா திரும்பவும் என்னையே யோசிக்கச் சொல்லுவாரு. கழட்டிட்டா யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

தகட்டைத் தூக்கியபோது உள்ளே தகட்டைத் தாங்கும் குறுக்கு எலும்புகள் இரண்டிலும் வெள்ளை படிந்திருந்தது. பெயின்ட் அடித்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. இன்பராஜ் தௌசீப்பைப் போனில் கூப்பிட்டு, "தகட்டக் கழட்டிட்டேன் சார்" என்றார். "சரி. நான் அவர்கிட்ட பேசிக்கறேன்" என்றார் அவர்.

பெருநாளுக்குப் பிறகு கோயம்புத்தூர்க்காரர் விமானியோடு வரவில்லை, லாரியோடு வந்தார். பேசியதைவிடக் கம்மி விலைக்கு, இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொண்டார். இந்த முறை மெத்தைக்குக் குடியாத்தத்திலிருந்து விலைபோகாத கைலிகள் ஒரு மூட்டை, முழுக்கக் காய்ந்தது, வந்திறங்கியது. திறந்து கிடந்த இறக்கையைப் பார்த்த அவர் இதைக் கழற்றியது யார் என்று கேட்டார். கலீமுல்லா சட்டென்று இன்பராஜைக் கைகாட்டிவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார். கோயம்புத்தூர்க்காரர் கேட்டது வேறு: தகடு வந்ததும் ஓசூர்ப் பக்கம் ஒரு ஓடுதளத்தில் வைத்துப் பூட்டப்போகிறேன், நீங்களே வந்து அடித்துத் தர முடியுமா?

அடுத்த வருடம் இன்பராஜ் சேர்த்துவைத்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓசூர் போனார். எலும்புகளை மாற்றினார், புதுத் தகட்டைப் பொருத்தினார், ரிவிட்டுகளை அடித்தார். பெரிய பழுது பார்த்த விமானத்தை முதலில் பல மணி நேரம் விமானி தனியாகத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். இருவர் பாரத்தோடு ஓட்டும் நாளிலும் பக்கத்து இருக்கையில் ஆள் கூடாது. எடைக்கு மணல் மூட்டைதான். இது இன்பராஜுக்குத் தெரியும். எவ்வளவு மணல் என்று கேட்டதற்கு விமானி, "உங்க எடை இருந்தா போதும்" என்றார். இன்பராஜ் தராசில் ஏறி இறங்கினார். அந்த அளவுக்கு மணலைச் சாக்குகளில் நிரப்பித் தைத்து, இருக்கையில் வைத்து, பெல்ட்டைத் தானே இறுக்கிப் பூட்டினார்.

விமானம் ஓடி, எழுந்து, வெயிலில் இரண்டு சுற்றுப் போய்விட்டு இறங்கியது. அவர் வலது இறக்கையின் அடியில் மல்லாந்து படுத்து ரிவிட்டு வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒன்றும் அசையவில்லை. அன்றோடு லீவு முடிந்தது. ஓசூர் பஸ் நிலையத்தில் நின்றபோது ஜாஸ்மின் போன் செய்தார்.

"ஏறினீங்களா?"

"மணல் மூட்டை ஏறுச்சு."

"அதுக்கு இருக்கற அதிர்ஷ்டத்தப் பாரு. இறக்கை?"

"நல்லா இருக்கு."

"சரி, வர்றப்ப வாணியம்பாடியில தூங்கிடாதீங்க. போன தடவை ஆம்பூரத் தாண்டிப் போயிட்டீங்க."

சோதனை முடிந்து விமானம் இப்போது கோயம்புத்தூரில் பறக்கிறது. வந்தால் ஒரு சுற்று கூட்டிப்போகிறேன் என்று அதை வாங்கியவர் இரண்டு முறை அழைத்துவிட்டார். இன்பராஜுக்கு இந்த வருடம் லீவு பாக்கி இல்லை.