ஒரே பெயரில் இரண்டு அம்மா

உயிரோடு இருக்கும் ஒரு மனுஷிக்கு மாலை போட்ட படத்தைப் போன வாரம் என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

பாகூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி செல்வி. விவரம் தெரியாத வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவள். அவளுக்கு அம்மா முகம் என்றால் ஆல்பத்தில் இருந்த ஒரே ஒரு போட்டோதான். மாட்டுப் பொங்கலன்று இறந்தவர்களுக்குப் படைக்கும்போது அதைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு வைக்க ஆசைப்பட்டாள்.

அவள் கணவர் குமார் புதிதாக ஸ்கேனர் வாங்கியிருந்தார். வீட்டிலிருந்த போட்டோக்களை எல்லாம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து தள்ளினார். அப்புறம்? கரையான் அரித்த ஆல்பங்களைப் போகியன்று பழைய பாயோடு சேர்த்துக் கொளுத்தியும் விட்டார்!

"எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குதுக்கா" என்று என்னிடம் பெருமை வேறு.

'அம்மா' என்ற ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் பிரேம் கடைக்கு அனுப்பியதும் அவர்தான். கடைத்தெருவுக்குப் போயிருந்த நான் பார்சலை வாங்கி வந்தேன். செல்வி ஆசையாகப் பேப்பரைப் பிரித்தாள்.

உள்ளே... சந்தன மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார் அவளுடைய மாமியார்!

அந்த மாமியாரோ எதிரிலேயே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார்.

"அடிப்பாவி! நான் உசுரோட குந்திக்கினு இருக்கேன்... எனக்கு இன்னாத்துக்குடி மாலை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வியின் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றது.

குமார் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். 'அம்மா' ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதலில் செல்வியின் அம்மாவை ஸ்கேன் செய்து 'அம்மா' என்று சேமித்திருக்கிறார். வேறொரு நாள் தன் அம்மாவை ஸ்கேன் செய்து... அதற்கும் 'அம்மா'! இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கத்தான் கேட்டிருக்கிறது.

"இன்னாமோ கேட்டுச்சிக்கா... எஸ் குடுத்துட்டேன்."

எஸ்! நாம் எதைத்தான் படித்துப் பார்த்து எஸ் கொடுக்கிறோம்?

ரீசைக்கிள் பின்னைத் துழாவினோம். இல்லை. இப்படி அழிந்த ஃபைல் அங்கே போவதே இல்லையாம்.

செல்வியின் அம்மாவுக்குத் தனலட்சுமி என்று அழகான பெயர் உண்டு. மாமியார் பெயர் காசியம்மாள். அந்தப் பெயர்களை டைப் செய்திருந்தால் இரண்டு பேருமே பத்திரமாக இருந்திருப்பார்கள். ஆனால் அம்மாவை யார் பெயர் சொல்லி எழுதுகிறார்கள்? அதே ஃபோல்டரில் குமாரின் பழைய பைக் படம் இருக்கிறது — கம்பெனி பெயர், வண்டி நம்பர் எல்லாம் போட்டு! பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாமியார் திட்டுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். செல்வி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"யக்கா, நீ அந்த போட்டோவ எத்தினியோ வாட்டி பாத்திருக்க... எங்கம்மா மூக்குத்தி எந்தப் பக்கம்கா போட்டிருந்துச்சி? எனக்கு இப்பவே கொழம்புது..."

எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. குமாரைத் திரும்பிப் பார்த்தேன்.

கடைசியாக அதைக் கையில் வைத்திருந்த அவருக்கும் தெரியவில்லை.